தோல் துப்பாக்கி உறை: தையல் தெரிந்தால் போதுமா?

கேள்வி: 2023 பிப்ரவரி 4

ஹூஸ்டனில் வசிக்கிறேன். முறைப்படி வாங்கிய 1911 வகைக் கைத்துப்பாக்கி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதற்கு நானே ஒரு தோல் உறை செய்ய விரும்புகிறேன். பழைய சோபாவிலிருந்து கழற்றிய நல்ல தோல் கைவசம் உள்ளது. இரண்டு ஊசிகளைக் கொண்டு தைக்கும் சேணத் தையலையும் கற்றுக்கொண்டுவிட்டேன். உறை என்பது இரண்டு தோல் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த பைதானே? தையல் கைவந்துவிட்டால் இதில் வேறென்ன கடினம் இருக்கப் போகிறது?

2023 பிப்ரவரி 5

சோபாத் தோலை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள். பணப்பை தைக்கலாம், மூக்குக்கண்ணாடிக்குக் கூடு செய்யலாம்; துப்பாக்கிக்கு மட்டும் அது ஆகாது. இருக்கைகளுக்குப் போடும் தோல் பெரும்பாலும் குரோம் உப்பில் பதனிடப்பட்டது. தடிமன் ஏறக்குறைய 1 மி.மீ. இருக்கும்; தொய்ந்து கொடுப்பதற்கென்றே ஆக்கப்பட்டது. உறைக்கு வேண்டியது இதற்கு நேர்மாறான குணம். துப்பாக்கியை வெளியே எடுத்த பின்னும் உறையின் வாய் திறந்தே நிற்க வேண்டும். வாய் தளர்ந்து உள்ளே மடிந்தால், துப்பாக்கியைத் திரும்பச் செருகும்போது அந்த மடிப்பு, விசையைச் (டிரிகர்) சுற்றியிருக்கும் காப்பு வளையத்துக்குள் புகுந்து விசையை அழுத்தக்கூடும். தேய்ந்து தொளதொளத்துப் போன தோல் உறைகளால் குண்டு வெடித்த விபத்துகள் அமெரிக்காவில் நடந்திருக்கின்றன.

பை என்று நினைத்துத் தொடங்கினால் பைதான் வரும். உறை செய்ய வேண்டிய வேலைகள் வேறு: விசையின் மேல் எதுவும் படாதபடி மூட வேண்டும், துப்பாக்கியை எப்போதும் ஒரே இடத்தில், ஒரே சாய்வில் நிறுத்த வேண்டும், பார்க்காமலே ஒரு கையால் எடுக்கவும் செருகவும் விட வேண்டும். தென் மாவட்டங்களில் பனையேறிகள் இடுப்பின் பின்புறம் கட்டிக்கொள்ளும் அரிவாள்பெட்டியைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். மரத்தின் உச்சியில் நிற்பவருக்கு வேலைக்கு ஒரு கைதான் உண்டு, கண் பாளையில் இருக்கும், அரிவாளோ தடுமாற்றமில்லாமல் தன் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

என்னைக் கேட்டால் இந்த வேலையில் தையலுக்கு மூன்றாவது இடம்தான். தோலைத் தேர்வதும் பேட்டர்ன் வரைவதும் அதற்கு முன்னே நிற்கின்றன.

2023 பிப்ரவரி 5, இரவு

காலையில் எழுதியதில் முதலில் வந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. உண்மைத் துப்பாக்கியை வைத்து அளவெடுப்பதானால் தோட்டாக்கள் அடங்கிய மேகசினைக் கழற்றி, துப்பாக்கிக்குள் தோட்டா நிற்கும் அறையைத் (சேம்பர்) திறந்து, கண்ணாலும் விரலாலும் பார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு வேலையில் உட்காருங்கள். அதைவிட நல்ல வழி, அதே அளவில் வார்க்கப்பட்ட கெட்டிப் பிளாஸ்டிக் மாதிரியை வாங்கிக்கொள்வது. நீல நிறத்தில் வருவதால் தோல் வேலை செய்வோர் அதை 'புளூ கன்' என்றே சொல்கிறார்கள். ஈரத் தோலுக்குள் மணிக்கணக்கில் கிடந்தாலும் அது துருப்பிடிக்காது. பசை, சாயம், தண்ணீர் எல்லாம் சிந்தும் மேசையில் சுடவே முடியாத ஒரு பொருள் கிடப்பது மனத்துக்கும் நிம்மதி.

2023 பிப்ரவரி 11

தோலைப் பற்றி விரிவாகச் சொல்லும்படி இருவர் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்கக் கடைகளில் தோலின் தடிமனை அவுன்ஸில் சொல்வார்கள். 1 அவுன்ஸ் என்பது ஓர் அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 0.4 மி.மீ. 1911 போன்ற முழு அளவுத் துப்பாக்கிக்கு ஒரே துண்டை மடித்துச் செய்யும் உறையானால் 8 முதல் 9 அவுன்ஸ் தோல், அதாவது 3.2 முதல் 3.6 மி.மீ. வேண்டும். முன்னும் பின்னும் ஒவ்வொரு தட்டாக இரண்டு துண்டுகளைச் சேர்க்கும் பான்கேக் வகைக்கு 7 முதல் 8 அவுன்ஸ் போதும்.

தடிமனை விட முக்கியம் பதனிட்ட முறை. மரப்பட்டைச் சாற்றின் துவர்ப்பில் பதனிட்ட மாட்டுத்தோலை நனைத்தால் இளகும். இளகிய நிலையில் எந்த வடிவத்துக்கு அழுத்துகிறோமோ அந்த வடிவத்திலேயே காய்ந்து இறுகும். உறைக் கலை முழுவதும் இந்த ஒரு குணத்தின் மேல் நிற்கிறது. குரோம் தோல் எவ்வளவு தடித்திருந்தாலும் நனைத்து அழுத்திய வடிவம் அதில் நிற்பதில்லை. அதில் எஞ்சியிருக்கும் உப்புகள் துப்பாக்கியின் உலோகப் பூச்சைக் கெடுப்பதும் உண்டு.

அமெரிக்காவில் இத்தகைய தோலுக்குப் பெரும்பாலோர் நம்புவது இரண்டு பழைய தொழிற்சாலைகளை. ஒன்று செயின்ட் லூயிஸில் 1881 முதல் இயங்கும் ஹெர்மன் ஓக்; மற்றது 1867-இல் கனடாவின் டொராண்டோவில் தொடங்கி, இப்போது பென்சில்வேனியாவில் இருக்கும் விக்கெட் அண்ட் கிரேக். முழுத்தோல் வாங்க வேண்டியதில்லை. முதுகுப் பகுதியிலிருந்து வெட்டிய துண்டைக் கேளுங்கள். அங்கேதான் நார்கள் நெருக்கமாக இருக்கின்றன. வயிற்றுப் பகுதி மலிவு. ஆனால் இழுத்த பக்கமெல்லாம் நீளும். அதை ஒத்திகைக்கு வாங்கலாம், உறைக்கு வாங்கக் கூடாது.

2023 பிப்ரவரி 12

"ஊருக்குப் போய் வரும்போது தமிழ்நாட்டிலேயே தோல் வாங்கி வந்தால் என்ன?" என்று ஒருவர் கேட்கிறார். எனக்கும் அந்த ஆசை இருந்தது. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு வட்டாரங்களில் ஆவாரம்பட்டையிலும், பிற்பாடு வாட்டில் பட்டையிலும் பதனிட்டு, கடுக்காய்ச் சாற்றில் ஊறவைத்து, எண்ணெய் ஏற்றி எடுக்கும் ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் உலகம் முழுவதும் பெயர் பெற்றது. புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. குணத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அது பெரும்பாலும் ஆட்டுத்தோல், செம்மறித்தோல், இளம் மாட்டுத்தோல். உறைக்கு வேண்டிய தடிமன் அதில் கிடைப்பதில்லை. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் போனால் காலணி மேற்பகுதிக்கான குரோம் தோலே மிகுதி. சேணத்துக்கான தடித்த தோல் இந்தியாவில் கான்பூரின் சரக்கு.

ஆயினும் மெல்லிய ஈ.ஐ. தோலுக்கு உறையில் ஓர் இடம் உண்டு. தடித்த தோலின் சதைப்பக்கம் சொரசொரப்பாக இருக்கும். அதன் மேல் வழவழப்பான பக்கம் துப்பாக்கியைப் பார்க்கும்படி மெல்லிய தோலை உள்வரியாக ஒட்டித் தைத்தால், உருவுவதும் செருகுவதும் இலகுவாகும். துப்பாக்கியின் மெருகும் தேயாது. நான் விரும்பிச் செய்வது இப்படித்தான்.

திண்டுக்கல்லில் தோல் வணிகம் பார்த்த என் பெரியப்பா சொல்லித் தந்த சோதனை ஒன்று, இணையத்தில் விளக்கம் இல்லாமல் விற்கும் தோலை இனம்காண உதவும். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள்: நடுவில் நீலமோ சாம்பல் நிறமோ தெரிந்தால் அது குரோம். ஐயமிருந்தால் ஒரு நறுக்கைக் கொதிக்கும் நீரில் போடுங்கள். பட்டையில் பதனிட்டது உடனே சுருங்கிச் சுருண்டுவிடும், நன்றாகப் பதனிட்ட குரோம் தோல் அசையாமல் கிடக்கும்.

2023 பிப்ரவரி 19

இனி பேட்டர்ன். கேள்வி கேட்டவர் இந்தப் பகுதியை இருமுறை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பான்கேக் வகையையே எடுத்துக்கொள்வோம்; தொடங்குபவருக்கு அதுதான் ஏற்றது. தடித்த தாளில் துப்பாக்கியைப் பக்கவாட்டில் கிடத்தி, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து உருவரையை வரையுங்கள். தையல் கோடு அந்த உருவரையின் மேல் வராது. அதிலிருந்து தள்ளி வரும். எவ்வளவு தள்ளி என்பதுதான் முழுக் கேள்வியும். துப்பாக்கியின் தடிமனில் பாதி, அதோடு தோலின் தடிமன், இவ்விரண்டின் கூட்டு என்பது தொடக்கக் கணக்கு. 1911-இன் ஸ்லைடு, அதாவது குழலின் மேல் முன்பின் நகரும் மேற்பகுதி, ஏறக்குறைய 23 மி.மீ. அகலம். பாதி 11.5, தோல் 3 மி.மீ. என்றால் 14.5. ஆகவே ஸ்லைடின் மேற்புறத்தில் உருவரையிலிருந்து 14 அல்லது 15 மி.மீ. தள்ளித் தையல் கோடு ஓட வேண்டும். ஒரு மி.மீ. குறைந்தால் துப்பாக்கி உள்ளே போகாது. கூடினால் உள்ளே ஆடும்.

பிறகு சாய்வு. இடுப்பின் வலப்புறம், சற்றே பின்னால் வைத்துக்கொள்பவர்கள் கைப்பிடி முன்னோக்கிச் சாயும்படி ஏறக்குறைய 15 பாகை சாய்வு வைக்கிறார்கள். அந்தச் சாய்வைத் தாளிலேயே பெல்ட்டின் கோடாக வரைந்து, பெல்ட் நுழையும் இரண்டு பிளவுகளும் அதன் மேல் உட்காரும்படி பாருங்கள். பெல்ட் 38 மி.மீ. அகலமுள்ளதாக இருந்தால் பிளவும் அதை இறுக்கிப் பிடிக்கும் அளவிலேயே இருக்க வேண்டும். தளர்ந்த பிளவில் நல்ல உறையும் ஊஞ்சலாடும். சாதாரண அலுவலகப் பெல்ட் இந்த எடையைத் தாங்காது. இரண்டு அடுக்குத் தோலில் தைத்த பெல்ட் வேண்டும்.

காப்பு வளையம் முழுவதும் மூடியிருக்கிறதா, கைப்பிடியை நான்கு விரல்களாலும் முழுதாகப் பற்ற முடிகிறதா, குழல் முனையருகே குறிபார்க்க நிற்கும் முன்குறி, உருவும்போது தோலில் உரசுகிறதா என்னும் மூன்றையும் தாளிலேயே பாருங்கள். இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. துப்பாக்கி உறைக்குள் இருக்கும்போதே கை சரியான பிடியைப் பெற வேண்டும்; வெளியே எடுத்த பின் பிடியைத் திருத்திக்கொள்ள நேரிடுகிற உறை தோற்ற உறை.

தாளை வெட்டி, ஓரங்களைப் பற்றுக்கம்பிகளால் பிணைத்து, மாதிரித் துப்பாக்கியைச் செருகிப் பாருங்கள். அதன் பிறகு மலிவான வயிற்றுத் தோலில் ஒரு முறை. நல்ல தோலைக் கடைசியில்தான் தொட வேண்டும்.

2023 பிப்ரவரி 20

நேற்றைய கணக்கை எல்லா இடத்துக்கும் ஒன்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். துப்பாக்கி எங்கும் ஒரே அகலத்தில் இல்லை. காப்பு வளையம் இருக்கும் இடம் ஸ்லைடை விட ஒடுங்கியது. அங்கே தையல் கோட்டை இன்னும் நெருக்கமாகக் கொண்டுவர வேண்டும். உறைக்குத் துப்பாக்கியின் மேல் பிடிப்பு கிடைப்பது பெரும்பாலும் அந்த வளைவில்தான். ஸ்லைடின் மேற்பக்கத்தில் இறுக்கிப் பிடிப்பு தேடுபவர்கள் வீணாக முன்குறியோடு போராடுகிறார்கள்.

சுழல் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு இன்னும் மாறும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் கே-ஃபிரேம் வகையில், தோட்டாக்கள் இருக்கும் உருளையின் விட்டம் மட்டும் ஏறக்குறைய 37 மி.மீ.; குழலோ அதில் பாதி அகலம்கூட வராது. தையல் கோடு அந்த உருளையைச் சுற்றி வயிறு வைத்துப் போக வேண்டும். என் மேசையில் காகிதக் குப்பை மிகுதியாகச் சேர்வது சுழல் துப்பாக்கிக்கு வரையும் நாட்களில்தான்.

2023 மார்ச் 4

"திரீபர்சன்ஸ் பாணியில் செய்ய ஆசை; அதில் விசை வெளியே தெரிகிறதே, அது தவறா?" என்று ஒரு கேள்வி. நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் பின்னே போக வேண்டும்.

1920களில் டெக்சாஸின் எல் பாசோவில் காவல் பணி செய்த டாம் திரீபர்சன்ஸ் என்பவர், அங்கே சேணக் கடை நடத்திய எஸ். டி. மையர்ஸிடம் ஓர் உறையைச் செய்வித்தார். அதற்கு முந்தைய மேற்கத்திய உறைகள் துப்பாக்கியின் பெரும்பகுதியை விழுங்கிக்கொள்ளும்; தோலில் அகன்ற பின்மடல் ஒன்று இருக்கும்; அதில் வெட்டிய வளையங்களுக்குள் உறை நுழைந்து நிற்கும். அந்த வடிவத்தை மெக்சிகன் லூப் என்பார்கள். திரீபர்சன்ஸ் உறையில் வேண்டாத தோல் எல்லாம் கழிந்தது; துப்பாக்கியின் பின்புறச் சுத்தியலும் கைப்பிடியும் காப்பு வளையமும் வெளியே நின்றன; உருவுவது விரைவானது. பின்னாளில் பல உறைக் கம்பெனிகள் அந்த வடிவத்தைப் பின்பற்றின.

அவர் இடுப்பில் இருந்தது ஒற்றை இயக்கக் கோல்ட் சுழல் துப்பாக்கி. அந்த வகையில் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்தாதவரை விசையை எவ்வளவு அழுத்தினாலும் ஒன்றும் நடவாது. அதனால் விசை வெளியே இருப்பது அவருக்கு ஒரு பொருட்டாக இல்லை. இன்று பலர் வைத்திருக்கும் கைத்துப்பாக்கிகளில் வெளியே சுத்தியலும் இல்லை, கையால் போடும் பூட்டும் இல்லை. விசை ஒன்றே வாசல். அவற்றுக்குத் திறந்த காப்பு வளையம் ஆகவே ஆகாது. 1911-இல் கட்டைவிரல் பூட்டும் கைப்பிடிப் பூட்டும் இருக்கின்றன. இருந்தாலும் நான் மூடியே தைப்பேன். திரீபர்சன்ஸின் வெளிக்கோட்டை எடுத்துக்கொண்டு காப்பு வளையத்தின் மேல் மட்டும் தோலை உயர்த்தினால் அழகு கெடுவதில்லை.

2023 மார்ச் 5

தொடை வரை தாழ்ந்து தொங்கி, நுனியில் கயிறு கட்டிய உறையைப் பற்றிக் கேட்டவருக்கு: அது பஸ்கடேரோ. மாட்டு மந்தை ஓட்டிய காலத்து ஆட்கள் உறையை இடுப்பை ஒட்டி உயரமாகவே அணிந்தார்கள். குதிரை மேல் நாள் முழுவதும் குலுங்குபவருக்குத் தொடையில் இரும்பு ஆடிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அந்தத் தாழ்ந்த உறையைப் பிரபலமாக்கியது இருபதாம் நூற்றாண்டுத் திரைப்படம். செய்து பார்ப்பதற்கு இனிமையான பொருள்தான். அணிந்துகொண்டு காருக்குள் உட்கார்ந்து பாருங்கள், ஆசை தீர்ந்துவிடும்.

2023 மார்ச் 18

தையலைத் தாழ்த்திப் பேசிவிட்டேன் என்று ஒருவர் குறைபட்டிருக்கிறார். மூன்றாவது இடம் என்றேனே தவிர எளிது என்று சொல்லவில்லை.

சேணத் தையலில் ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசிகள். ஒவ்வொரு துளையிலும் இரண்டும் எதிரெதிராக நுழைகின்றன. ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்ற இழை பிடித்துக்கொள்கிறது. எந்திரத்தின் பூட்டுத்தையல் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கொக்கி போட்டு நிற்பது; ஒன்று அறுந்தால் அடுத்தடுத்துத் தளர்ந்துகொண்டே போகும். அங்குலத்துக்கு ஆறு தையல் உறைக்குப் பொருந்தும். நெருக்கமாகப் போட்டால் அழகு கூடும், தோல் வலுவிழக்கும். கிழிக்க வசதியாகத் துளைக்கோடு போட்ட தாளை நாமே தயாரித்துவிடக் கூடாது. நூலைத் தையல் நீளத்தைப் போல் நான்கு அல்லது ஐந்து மடங்கு வெட்டிக்கொள்ளுங்கள். தடித்த தோல் நூலை விழுங்கும்.

சிரமம் துளையில்தான் இருக்கிறது. இரண்டு தட்டும் சேர்ந்து 6 மி.மீ. தாண்டும்போது குத்தூசி சற்றுச் சாய்ந்தாலும் முன்பக்கத்தில் நேராகப் போகும் கோடு பின்பக்கத்தில் நெளியும். ஓரத்தை முதலில் காண்டாக்ட் பசையால் ஒட்டி, தையல் ஓடும் கோட்டைக் கீறி, இடைவெளியைச் சக்கரத்தால் குறித்து, சாய்சதுர முனையுள்ள குத்தூசியை இரு பக்கத்துக்கும் செங்குத்தாகத் தள்ளப் பழக வேண்டும். துளையிடும் எந்திரத்தில் சன்னமான துரப்பணத்தைப் பொருத்திக் குடைபவர்களும் இருக்கிறார்கள். துரப்பணம் தோலைத் தோண்டி எடுத்துவிடுகிறது. குத்தூசி நார்களை விலக்குகிறது, நூல் போன பின் அவை திரும்ப நெருங்கி நூலைப் பற்றிக்கொள்கின்றன. மணிக்கட்டு வலியுள்ளவர்கள் எந்திரத்தில் துரப்பணத்துக்குப் பதிலாகக் குத்தூசி முனையைப் பொருத்தி, மோட்டாரை ஓட்டாமல் நெம்புகோலால் மட்டும் அழுத்தலாம். செங்குத்துக்கும் அது உத்தரவாதம். தூய்மைவாதிகள் முகம் சுளிப்பார்கள்; சுளிக்கட்டும்.

தையல் எந்திரம் வாங்கலாமா என்று கேட்டவருக்கு: இவ்வளவு தடிமனைத் தைக்கும் எந்திரம் பல ஆயிரம் டாலர். உறைகளை விற்றே அந்தப் பணத்தை எடுக்க வேண்டியிருக்கும். அப்புறம் அது பொழுதுபோக்கு இல்லை.

2023 மார்ச் 26

நனைத்து வடிவமைப்பது. எல்லோரும் புகைப்படம் எடுத்துப் போடுவது இந்தக் கட்டத்தைத்தான்.

தைத்து முடித்த உறையை வெதுவெதுப்பான நீரில் முக்கி, குமிழிகள் அடங்கும் வரை விட்டு எடுங்கள். சொட்டச் சொட்ட இருக்கும்போது தொடாதீர்கள். மேல்பரப்பின் நிறம் மீண்டும் வெளிறத் தொடங்கும்வரை பொறுங்கள். மிகையான ஈரத்தில் அழுத்திய தடம் மெல்ல மெல்ல மேலெழுந்து மறைந்துவிடும். சரியான ஈரத்தில் நகக்குறிகூட அப்படியே நிற்கும். ஆகவே நகம் வளர்ப்பவர்கள் அன்றைக்கு வெட்டிவிடுவது நல்லது, மோதிரமும் வேண்டாம்.

மாதிரித் துப்பாக்கியின் முன்குறியிலிருந்து பின்குறியை நோக்கி, ஸ்லைடின் மேல் நெடுக ஒரு மெல்லிய மரச்சட்டத்தை ஒட்டிக்கொள்ளுங்கள். அது இருக்கும் இடம் பிறகு பள்ளமாக நின்று, முன்குறி உரசாமல் போய்வர வழிவிடும். உண்மைத் துப்பாக்கியானால் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் இருமுறை சுற்றுங்கள். செருகிய பின் முதலில் கைவிரல்களால் பெரிய வளைவுகளை அழுத்தி, அதன் பிறகே எலும்பில் செய்த அழுத்துக் கருவியை எடுக்க வேண்டும். ஸ்லைடின் விளிம்பு, தோட்டாக்கூடு வெளியேறும் வாயின் சதுரம், காப்பு வளையத்தின் உள்வளைவு என்று ஒவ்வொன்றும் மெல்ல எழும்பி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் போவது தெரியாது.

காப்பு வளையத்துக்குள் தோலை அழுத்தும்போது முன்பகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விசை இருக்கும் இடத்தில் உள்ளே குழித்துவிடக் கூடாது. அங்கே வெளியிலிருந்து பார்க்கத் தட்டையாக இருப்பதே சரி. விசையின் வடிவமே தோலில் தெரியும்படி செதுக்கிய உறைகளைச் சிலர் பெருமையோடு காட்டுவதுண்டு. எனக்கு அவற்றைப் பார்த்தாலே கூசும்.

துப்பாக்கியின் உருவைத் தோலில் இப்படி நெருக்கமாகப் பதிக்கும் வழக்கம் வலுப்பெற்றதில், 1950களில் நியூயார்க்கில் சட்டைக்குள் மறைத்து அணியும் உறைகளைச் செய்த சிக் கேலார்டுக்குப் பெரும் பங்கு உண்டு. அதுவரை பட்டையோ மூடியோ பிடித்துக்கொண்டிருந்த வேலையைத் தோலின் வடிவமே செய்யத் தொடங்கியது.

2023 ஏப்ரல் 2

சூடு பற்றி. காற்றில் காயவிட்டால் ஒரு நாளுக்கு மேல் ஆகும். சற்றுச் சூட்டில் காயவைத்தால் இன்னும் இறுகும். 50 பாகை செல்சியஸ் போதும். ஈரமாக இருக்கும் பட்டைத்தோல் 70 பாகையைத் தாண்டினால் நார்கள் சுருங்கத் தொடங்கி, காய்ந்ததும் நொறுங்கும் பொருளாகிவிடும். பிப்ரவரியில் சொன்ன கொதிநீர்ச் சோதனையில் நடப்பதும் இதுதான். சமையலறை ஓவனைப் பயன்படுத்துகிறவர்கள் அது காட்டும் எண்ணை நம்பாமல் தனி வெப்பமானி வைத்துப் பாருங்கள். வீட்டாரின் அனுமதியும் வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

2023 ஏப்ரல் 15

சாயம். சாராயத்தில் கரைந்த தோல் சாயங்கள் கடையில் கிடைக்கின்றன. மில்வாக்கியின் ஃபீபிங் கம்பெனிச் சாயத்தைத்தான் பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள். காய்ந்த பின் துணியில் நிறம் ஒட்டாத வரை தேய்த்துத் தேய்த்து எடுக்க வேண்டும். இல்லையென்றால் வெள்ளைச் சட்டைதான் அதற்குச் சாட்சி சொல்லும்.

கறுப்புக்கு மட்டும் நான் வேறு வழியில் போகிறேன். இரும்புக் கம்பளியை வினிகரில் சில நாட்கள் ஊறவிட்டு வடிகட்டிய நீரைத் தோலில் தடவினால், தோலில் இருக்கும் துவர்ப்புச் சத்தோடு இரும்பு சேர்ந்து கண்ணெதிரே கறுக்கிறது. வெளியிலிருந்து பூசிய சாயமாக இல்லாமல் தோலே கறுப்பதால் துணியில் ஒட்டாது. முடிந்ததும் சமையல் சோடா கரைத்த நீரில் அலசி அமிலத்தைப் போக்க வேண்டும். கலம்காரிக்காரர்கள் கடுக்காய் ஏற்றிய துணியில், இரும்பையும் வெல்லத்தையும் புளிக்கவைத்த நீரால் கறுப்பு எழுதுவதும் இதே வேதியியல். குரோம் தோலில் இதைத் தடவினால் அந்தக் கறுப்பு வராது, துவர்ப்பு வேண்டும்.

எண்ணெய் விஷயத்தில் கைகட்டி இருங்கள். மாட்டுக்கால் எலும்பிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெயைச் சேணத்துக்கும் காலணிக்கும் தாராளமாகப் பூசுவார்கள். உறையில் அதே தாராளம் காட்டினால், நனைத்து அழுத்தி இறுக்கியதெல்லாம் இளகி, சோபாத் தோலுக்கே வந்து சேர்வோம். ஒரு மெல்லிய பூச்சு, அதன் மேல் ஈரம் புகாத மெருகு, அத்தோடு நிறுத்துங்கள்.

2023 ஏப்ரல் 16

ஓரங்கள்: இழைத்து வட்டமாக்கி, உப்புத்தாளால் தேய்த்து, ஈரமாக்கி, டிராககாந்த் கோந்து தடவி, மரத்தடியால் சூடேறும் வரை உரசி, தேன்மெழுகில் முடிக்கவும். அடுக்குகள் தெரியாமல் ஒரே கட்டையாகத் தோன்றும்வரை விடாதீர்கள். கண்காட்சிகளில் அனுபவசாலிகள் உறையைக் கையில் எடுத்ததும் முதலில் ஓரத்தைத்தான் திருப்பிப் பார்க்கிறார்கள்.

2023 மே 6

"கைடெக்ஸ் இருக்கும்போது தோல் எதற்கு?" வரும் என்று எதிர்பார்த்த கேள்விதான். விமானங்களின் உட்புறத்துக்காக 1965-இல் வந்த அந்தப் பிளாஸ்டிக் தகடு, 1970களில் உறைத் தொழிலுக்குள் நுழைந்தது. சூடாக்கி அழுத்தினால் அரை மணியில் உறை. வியர்வையை உறிஞ்சாது, தொய்யாது, வாய் மூடாது. பாதுகாப்பை மட்டும் தராசில் வைத்தால் அதன் பக்கம் தாழ்வதை மறுக்க மாட்டேன். உடலோடு பொருந்துவதிலும், ஓசையில்லாமல் உருவுவதிலும், பூச்சைக் கீறாமல் இருப்பதிலும் தோல் முந்துகிறது.

ஆனால் இந்த ஒப்பீடு தோல்காரர்களுக்கு ஒரு கடமையை நினைவுபடுத்துகிறது. கால்சட்டைக்குள் செருகும் வகை உறை செய்பவர்கள் வாயைச் சுற்றி இன்னொரு பட்டைத் தோல் தைத்து, தேவையானால் அதற்குள் மெல்லிய எஃகுத் தகட்டையும் வைக்க வேண்டும். பெல்ட்டின் இறுக்கத்தில் வாய் மூடிக்கொள்வது அந்த வகையில்தான் மிகுதி. தளர்ந்துபோன தோல் உறையை, எவ்வளவு பாடுபட்டுச் செய்ததாயினும், வெட்டி எறிந்துவிட வேண்டும். யாருக்கும் பரிசாகக் கொடுத்துவிடாதீர்கள்.

2023 ஜூலை 22

புது உறையில் துப்பாக்கி உருவ வராத அளவுக்கு இறுகியிருப்பது இயல்பு. துப்பாக்கியை மெல்லிய பிளாஸ்டிக் பையில் போட்டுச் செருகி, ஓர் இரவு விட்டு, மறுநாள் பாருங்கள். எண்ணெய் ஊற்றி இளக்க வேண்டாம்.

பத்திரப்படுத்துவதைப் பற்றி: துப்பாக்கியை மாதக்கணக்கில் தோல் உறைக்குள்ளேயே வைத்திருக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்துப் பிடித்துவைக்கும். ஹூஸ்டனின் காற்றைப் பற்றி ஹூஸ்டன்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தோல் பெல்ட்டின் வளையங்களில் விட்டுவைத்த பித்தளைத் தோட்டாக்களில் பச்சைக் களிம்பு ஏறுவதும் இதே காரணத்தால்தான். உறை ஓரிடம், பெட்டகம் ஓரிடம்.

2023 ஜூலை 23

விற்பனை பற்றி இருவர் தனியே கேட்டதால் இங்கே சொல்கிறேன். அமெரிக்கச் சட்டத்தில் உறை ஆயுதமாகாது; செய்வதற்கு ஆயுத உரிமம் வேண்டியதில்லை. டெக்சாஸில் துப்பாக்கியை வெளியே தெரிய அணிபவர் அதை உறைக்குள் வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே சொல்வதால் தேவையும் இருக்கிறது. ஆனால் விற்ற பின் அந்த உறைக்குள் என்ன துப்பாக்கி போகும், அதில் என்ன விளக்கு மாட்டியிருக்கும், எத்தனை ஆண்டு அணிவார்கள் என்பது நம் கையில் இல்லை. எந்த மாடலுக்கு என்பதை உறையின் பின்புறத்திலேயே முத்திரை குத்தாமல் நான் யாருக்கும் கொடுப்பதில்லை. பணத்துக்குத் தைப்பதில்லை என்பதும் அதோடு சேர்ந்தது.

2023 நவம்பர் 10

தமிழ்நாட்டிலிருந்து ஒரு மாணவர், "எங்களிடம் துப்பாக்கியும் இல்லை, உரிமமும் இல்லை, இந்தக் கலையைக் கற்க வழி உண்டா?" என்று கேட்டிருக்கிறார். தீபாவளி வந்துவிட்டது, கடைத்தெருவில் கேப் வெடிக்கும் தகரத் துப்பாக்கி கிடைக்கும். ஒன்றை வாங்கி, தாளில் கிடத்தி, இந்தக் கேள்வி-பதில் தொடரில் சொன்ன ஒவ்வொரு படியையும் அதன் மேல் செய்து பாருங்கள். அளவு சிறியது, தோல் மலிவு, வளைவுகள் எல்லாம் உண்டு. நான் அக்கா மகனுக்கு அப்படி ஒன்று செய்து அனுப்பினேன். தகரத் துப்பாக்கி இரண்டாம் நாளே உடைந்துவிட்டதாம். உறையில் இப்போது தொலைக்காட்சி ரிமோட் இருக்கிறது. உருவும் வேகம் நன்றாக இருப்பதாகக் கேள்வி.

2024 ஜனவரி 13

முதல் கேள்வி கேட்டவர் பேட்டர்னை முடித்து, ஒத்திகைத் தோலிலும் தைத்துவிட்டார். இடக்கைக்காரர் என்பதை இப்போதுதான் சொல்கிறார். பேட்டர்னைக் குப்புறத் திருப்பினால் போதாதா என்கிறார். வெளிக்கோட்டுக்குப் போதும். ஆனால் 1911-இன் பூட்டு நெம்புகோல், ஸ்லைடு நிறுத்தி, மேகசினை விடுவிக்கும் பொத்தான் எல்லாம் துப்பாக்கியின் இடப்பக்கத்தில் உள்ளன. வலக்கைக்காரருக்கு அந்தப் பக்கம் உடலை நோக்கியிருக்கும். உங்களுக்கு வெளித்தட்டின் அடியில் வரும். ஆகவே நனைத்து அழுத்தும்போது வெளித்தட்டில், பூட்டு மேலே நிற்கும் நிலையில் அதன் கீழ் ஒரு விளிம்பு எழுப்புங்கள். அது தானாகக் கீழிறங்காது. பொத்தான் இருக்கும் இடத்தில் தோலை அழுத்தாமல் இடைவெளி விடுங்கள். இல்லையென்றால் நாற்காலியின் கைப்பிடியில் உரசும்போதெல்லாம் மேகசின் கழன்றுகொள்ளும். வாங்கியுள்ள நல்ல தோலை வெட்டுவதற்கு முன் இந்த இரண்டு இடங்களையும் ஒத்திகைத் தோலில் அழுத்திப் பார்த்துவிடுங்கள்.